துரை ஓடினார், கிராணி இருந்தார்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் கடற்கரைத் திடலுக்கு மாலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் பசெம்பூர் என்ற தின்பண்டத் தட்டைத் தேடி வருகிறவர்கள். பக்கத்திலேயே நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டையின் கொடிமரத்தை அவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1941 டிசம்பரில் அங்கே பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். பெயர் சரவணமுத்து. இலங்கையிலிருந்து வந்தவர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர்.

பத்திரிகை ஆசிரியர் ஏன் கொடியை இறக்க வேண்டும்? இறக்க வேண்டிய அதிகாரிகள் ஊரில் இல்லை. டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் நகரின் மேல் குண்டு போட்டன. சில நாட்களில் ஐரோப்பியர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றிவிட்டு, பட்டாளமும் நிர்வாகமும் இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டன. சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடி பறந்துகொண்டே இருந்ததால் குண்டுவீச்சும் தொடர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டாக ‘அரசாங்கம்’ என்று இந்தத் தீவு அறிந்திருந்தது சில இரவுகளில் காணாமல் போயிருந்தது. 19-ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள்.

லிட்டில் இந்தியா பக்கம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், தொலைக்காட்சியில் எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். “நாலு குண்டு போட்டா அந்த ஆள் ஓடிருவான் பாருங்க” என்பது ஒரு கட்சி. “அடிக்க அடிக்க சனம் அவன் பின்னாலதான் நிக்கும் அண்ணே” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. எது எப்போது நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, நமக்குத் தெரிந்த ஒரு குட்டிச் சர்வாதிகாரத்திலிருந்து தொடங்குவது நல்லது. நான் சொல்வது ரப்பர் தோட்டத்தை.

மேட்டுப் பங்களாவில் துரை என்ற வெள்ளைக்கார மேலாளர் ஒருவர். லயம் என்ற வரிசை வீடுகளில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள். துரை நேரடியாக யாரையும் ஆண்டதில்லை. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கூப்பிட்டு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் போடுகிறவர் கிராணி. நிரை பிரித்து வேலை வாங்குகிறவர் கங்காணி. செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, சம்பள உயர்வோடு சேர்த்து, இனிமேல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. அரசு படையை அனுப்பியது. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. ஏழே மாதத்தில் துரைமார்கள் சிங்கப்பூரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கிராணிகள் பெரும்பாலும் ஓடவில்லை, செக்ரோலும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டபோது, அவர்கள் தோட்ட நிர்வாகத்திடம்தான் கணக்குக் கேட்டார்கள். பெயர்களும் அங்கிருந்துதான் போயின. மேலே இருந்தவர் மாறினார், பெயர் எழுதிய கை மாறவில்லை.

ஒரு சர்வாதிகாரியின் பிடி என்பது கிட்டத்தட்ட இந்த ஏற்பாடுதான். தளபதி, போலீஸ் அதிகாரி, வட்டார அலுவலர், கிராமத் தலைவர் என்று அவருடைய கிராணிகளும் கங்காணிகளும் தினமும் காலையில் எழுந்து தங்கள் வேலையைச் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள்? பயம் உண்டு, பிழைப்பு உண்டு. அதற்கும் அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. இந்த மனிதர் அடுத்த வருஷமும் இருப்பாரா? இருப்பார் என்றால் அவரை எதிர்ப்பது தற்கொலை. இருக்க மாட்டார் என்றால் அவருக்காகச் சுடுவது தற்கொலை. அந்நியப் படை வந்து செய்வதெல்லாம் இந்தக் கணக்கைக் கலைப்பதுதான். எந்தப் பக்கம் கலைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடி விழுகிறது, ஆனால் நாற்காலிவரை எட்டவில்லை என்றால் பொதுவாக நாற்காலிக்காரருக்கு லாபம். 1961 ஏப்ரலில் அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய ஏறத்தாழ 1,400 கியூபர்கள் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள். மூன்று நாட்களில் கதை முடிந்தது. அந்தச் சாக்கில் தான் சந்தேகப்பட்டவர்களையெல்லாம் உள்ளே தள்ளினார் காஸ்ட்ரோ. அதே ஆகஸ்டில் உருகுவேயில் நடந்த மாநாட்டின்போது, அமெரிக்க அதிபரின் ஆலோசகரைச் சந்தித்த சே குவேரா அந்தப் படையெடுப்புக்காக நன்றியே சொன்னார். அதில் கிண்டல் பாதி, உண்மை பாதி.

ஈரான் இன்னும் தெளிவான பாடம். 1980 செப்டம்பரில் சதாம் ஹுசைன் படையெடுத்தபோது, ஒன்றரை வயதுகூட நிரம்பாத இஸ்லாமியக் குடியரசு தனக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ராணுவத்துக்குள் ஒரு சதி பிடிபட்டு, விமானிகள் பலர் சிறைக்குப் போயிருந்தார்கள். இரண்டு தள்ளு தள்ளினால் விழுந்துவிடும் என்று சதாம் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நடந்தது நேர்மாறு. சிறையில் கிடந்த விமானிகளில் சிலரே வெளியே வந்து நாட்டுக்காகப் பறந்தார்கள். எட்டு வருஷப் போரில் புரட்சிக் காவல் படை ஒரு குழு என்ற நிலையிலிருந்து நாட்டின் முதுகெலும்பாக வளர்ந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் பனி சதர் 1981 ஜூனில் பதவி இழந்தார். போர்க்காலத்தில் கேள்வி கேட்கிறவனை உளவாளி என்று சொல்லிவிடுவது எளிது.

அதே சதாம் பத்து வருஷம் கழித்து மறுபக்கத்தில் நின்றார். 1991-இல் குவைத்திலிருந்து அவர் படை துரத்தப்பட்டது. “இராக்கியர்களே, நீங்களே கையில் எடுங்கள்” என்ற பொருள்படப் பேசினார் அமெரிக்க அதிபர் புஷ். மார்ச் மாதம் பாஸ்ராவில் கிளம்பிய எழுச்சியில் 18 மாகாணங்களில் 14 அரசின் கையை விட்டுப் போயின. அந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு இராக்கிய அதிகாரியும் மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார். மார்ச் 3-ஆம் தேதி சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில் இராக் தரப்பு, பாலமெல்லாம் உடைந்துபோயிற்று, ஹெலிகாப்டராவது பறக்க விடுங்கள் என்று கேட்டது. அமெரிக்கத் தளபதி சரி என்றார். அந்த ஹெலிகாப்டர்களிலிருந்துதான் எழுச்சிக்காரர்களைச் சுட்டார்கள். அமெரிக்கப் படை பக்கத்திலேயே இருந்தது, வரவில்லை. ‘இவர் இருப்பார்’ என்ற பதில் அதிகாரிகளுக்குக் கிடைத்துவிட்டது. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் பொருளாதாரத் தடை. தடை இறுக இறுக, மாவும் அரிசியும் அரசின் ரேஷன் அட்டையில்தான் வந்தன. வெளியிலிருந்து பூட்டிய கதவு, உள்ளே இருந்த செக்ரோலின் மதிப்பைக் கூட்டிவிட்டது.

செர்பியாவை மேலே சொன்ன முதல் கட்சிக்காரர்கள் அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். 1999-இல் நேட்டோ 78 நாள் குண்டு போட்டது, மிலோஷெவிச் போய்விட்டார் என்பார்கள். தேதியைப் பார்க்க வேண்டும். குண்டு நின்றது 1999 ஜூனில். அவர் போனது 2000 அக்டோபரில். குண்டு விழுந்த நாட்களில் பெல்கிரேடுக்காரர்கள் நெஞ்சில் குறிவட்டத்தைக் குத்திக்கொண்டு பாலங்களில் நின்று பாட்டுக் கச்சேரி கேட்டார்கள். அவரை வெறுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பதினாறு மாதம் கழித்து அவரைக் கவிழ்த்தது திருடப்பட்ட ஒரு தேர்தலும், கொலுபாராச் சுரங்கத் தொழிலாளர்களும், சுட மாட்டேன் என்று எதிர்க்கட்சித் தலைவரிடம் முதல் நாளே ஒத்துக்கொண்ட சிறப்புப் படைத் தளபதியும். போரில் தோற்றதும் கொசோவோ கைவிட்டுப் போனதும் அந்த மனமாற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குண்டு விழும் நேரத்தில் அந்த மனமாற்றம் வெளியே தலைகாட்ட முடியாது.

இந்த ‘வெளிப்பகை’ மருந்து சர்வாதிகாரிகளின் தனிச்சொத்து இல்லை. நம் ஊரிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு, பினாங்குக்காரர்கள் மறந்துவிட்டோம். 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. 1957-இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன். அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. பிறகு சுகார்னோவின் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்துக் ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்ற மோதலைத் தொடங்கியது. 1964-இல் பொந்தியானில் படகில் ஆட்கள் இறங்கினார்கள், லாபிஸில் வானத்திலிருந்து குதித்தார்கள். நாடு அவசரநிலைக்குப் போனது. 1965 மார்ச் 1-ஆம் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அன்றைய கோலாலம்பூர் அரசைச் சர்வாதிகாரம் என்று சொல்வது அநியாயம். அது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, ஆபத்தும் நிஜமானது. ஆனால் 1966 ஆகஸ்டில் கொன்ஃப்ரொந்தாசி முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. இன்னொரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பினாங்கு மாநில அரசு வழக்குத் தொடுத்து, 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஒழுங்கான மக்களாட்சியிலேயே இப்படி என்றால், தேர்தலையே விரும்பாத ஓர் ஆட்சிக்கு வாசலில் பகைவன் நிற்பது எவ்வளவு வசதி என்று யோசித்துக்கொள்ளலாம்.

சர்வாதிகாரியே வலியப் போய் வம்பிழுத்துத் தோற்றால் கணக்கு வேறு. அர்ஜென்டினாவில் 1982 மார்ச் 30-ஆம் தேதி தலைநகரின் மே சதுக்கத்தில் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. மூன்று நாள் கழித்து ஃபாக்லண்ட் தீவுகளைப் பிடித்ததும் அதே சதுக்கத்தில் ஜெனரல் கால்டியேரிக்கு ஆரவாரம். ஜூன் 14-இல் தோற்றதும் அதே சதுக்கத்தில் சாபம். சில நாட்களில் அவர் பதவி விலகினார், அடுத்த ஆண்டு தேர்தல். கிரேக்க ராணுவ ஆட்சி 1974 ஜூலையில் சைப்ரஸில் கைவைத்து, துருக்கி படையிறக்கிய நான்கே நாளில் பதவியைத் துறந்தது. பாகிஸ்தானின் யாஹ்யா கான், 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் அவர் படை சரணடைந்ததும் 20-ஆம் தேதி புட்டோவிடம் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றுமே சீருடை ஆட்சிகள் என்பதைக் கவனிக்கலாம். சண்டை போடத் தெரியும் என்பது ஒன்றே தகுதியாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், அதிலேயே தோற்றபோது கீழே இருந்த அதிகாரிகள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இலங்கையை விட்டுவிட்டு நம்மவர்கள் இதைப் பேச முடியாது, ஆனால் அங்கே நடந்தது வேறு தினுசு. 1982-இல் பொதுத்தேர்தலுக்குப் பதில் வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்ட ஐக்கிய தேசியக் கட்சி, 1987-இல் இந்தியப் படையை வரவழைத்தது. தெற்கில் அதை எதிர்த்து ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி. 1988 டிசம்பரில் அதே கட்சியின் பிரேமதாசா, இந்தியப் படையை வெளியேற்றுவேன் என்று சொல்லியே அதிபர் தேர்தலில் வென்றார். அழைத்தவர்களே விரட்டுகிறவர்களாகவும் வேஷம் கட்டி, இரண்டுக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டார்கள். இந்தியப் படையின் கடைசி ஆட்கள் 1990 மார்ச்சில் போனார்கள்.

அந்நியப் படை நாற்காலிவரை வந்தேவிட்டால்? ஆள் போவது உறுதி. இடி அமீன் 1979 ஏப்ரலில் தான்சானியப் படைக்கு முன் ஓடினார். அதே ஆண்டு ஜனவரி 7-இல் வியட்நாம் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தபோது போல் பாட் தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு ஓடினார். கம்போடியாவை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் கோலாலம்பூருக்கும் பங்கு உண்டு.

தன் மக்களையே லட்சக்கணக்கில் கொன்ற ஆட்சியை வியட்நாம் முடித்துவைத்தது. உலகம் கைதட்டவில்லை. அண்டை நாட்டுக்குள் படை போவதை ஒத்துக்கொண்டால் நாளை நமக்கும் அதுதான் என்று ஆசியான் நாடுகள் பயந்தன. அதனால் காட்டில் இருந்த கெமர் ரூஜின், அதாவது போல் பாட் இயக்கத்தின், ஆள் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். 1982 ஜூன் 22-ஆம் தேதி கோலாலம்பூரில் முன்னாள் மன்னர் சிஹானூக், முன்னாள் பிரதமர் சோன் சான், கெமர் ரூஜின் கியூ சம்பான் மூவரும் கூட்டணி அரசுக்குக் கையெழுத்திட்டார்கள். கொன்றவர்களுக்கு ஒரு சட்டை மாட்டிவிட்ட நாள் அது. நம் தலைநகரம் அதற்கு மேடை கொடுத்ததை நாம் அதிகம் பேசுவதில்லை.

உள்ளே நடந்தது இன்னும் முக்கியம். வியட்நாம் தன்னோடு அழைத்து வந்த கம்போடியர்களில் ஹுன் சென் ஒருவர், 1977-இல் கெமர் ரூஜிலிருந்து தப்பி வியட்நாமுக்கு ஓடியவர். 1985-இல் பிரதமர். 1989-இல் வியட்நாம் படை போனது. எஜமான் போனதும் இவர் விழுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1993-இல் ஐ.நா. நடத்திய தேர்தலில் அவர் கட்சி தோற்கவும் தோற்றது, 58 இடத்துக்கு 51. ஆனால் கிராமத் தலைவர், போலீஸ், மாகாண ஆளுநர் என்று பத்து வருஷத்துக்கும் மேலாகப் பெயர் எழுதி வந்தவர்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள். தோற்றவர் இரண்டாம் பிரதமர் என்ற பட்டத்தோடு உள்ளேயே உட்கார்ந்தார். 1997-இல் முதலாம் பிரதமரை ஆயுதத்தால் விரட்டினார். 2023-இல் மகன் கையில் நாட்டைக் கொடுத்தார். வியட்நாம் விட்டுப்போனதில் நிலைத்தது படை அல்ல, கிராணிகளின் வலைதான்.

இராக்கில் 2003-இல் அமெரிக்கா இதற்கு நேர் எதிரான தவறைச் செய்தது. பாக்தாத் விழுந்த ஏழு வாரத்துக்குள் இரண்டு உத்தரவு. ஒன்று சதாமின் பாத் கட்சிக்காரர்களை அலுவலகங்களிலிருந்து விரட்டியது, மற்றொன்று ராணுவத்தையே கலைத்தது. துரையோடு கிராணி, கங்காணி எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள், அவர்களில் பலர் கையில் துப்பாக்கியோடு. பிறகு இஸ்லாமிய அரசு என்ற பெயரில் கிளம்பிய கூட்டத்தின் தளபதிகளில் சதாமின் பழைய அதிகாரிகள் இருந்தது தற்செயல் இல்லை. கிராணிகளை வைத்துக்கொண்டால் கம்போடியா, துரத்தினால் இராக். இரண்டுக்கும் நடுவே நல்ல வழி இருக்கிறதா என்றால், வெளியாள் தேர்ந்தெடுக்கும் வழியாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

கடைசியாக, சர்வாதிகாரிக்கு எதிராக வராமல் அவரைக் காப்பாற்றவே வரும் படை. 2015 செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள் வந்திராவிட்டால் சிரியாவின் அசாத் அப்போதே கஷ்டப்பட்டிருப்பார். வந்தன, நிமிர்ந்தார். ஆனால் அந்த நாளிலிருந்து அவருடைய அதிகாரிகள் கணக்குப் போடும்போது டமாஸ்கஸைப் பார்க்கவில்லை, மாஸ்கோவையும் தெஹ்ரானையும் பார்த்தார்கள். 2024 நவம்பர் கடைசியில் கிளர்ச்சிப் படை புறப்பட்டபோது ரஷ்யா உக்ரைனில் மாட்டிக்கொண்டிருந்தது, அசாத்துக்குத் துணைநின்ற ஹிஸ்புல்லா இஸ்ரேலிடம் அடிபட்டுக் கிடந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி அசாத் ராணுவத்தினருக்கு 50 விழுக்காடு சம்பள உயர்வு அறிவித்தார். டிசம்பர் 8-ஆம் தேதி அவர் மாஸ்கோவில் இருந்தார், சிப்பாய்கள் சாலையோரம் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஆப்கானிஸ்தானின் நஜிபுல்லா இதைவிடக் கெட்டிக்காரர். 1989 பிப்ரவரியில் சோவியத் படை போன பிறகும் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார். படை போனாலும் பணமும் எண்ணெயும் வந்துகொண்டிருந்தன. 1992 தொடக்கத்தில் அதுவும் நின்றது, ஏப்ரலில் ஆட்சி போனது.

பினாங்குக்குத் திரும்புவோம். 1945 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படைச் சிப்பாய்கள் தீவில் இறங்கினார்கள். கொடி மறுபடியும் ஏறியது. துரைமார்கள் திரும்பினார்கள், பெரட்டு திரும்பியது, கிராணி திரும்பவும் செக்ரோலைத் திறந்தார். படை பலத்தில் பார்த்தால் முன்பைவிடப் பிடி இறுகியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வருஷமே கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்று தமிழ் இளைஞர்கள் கிளம்பி, கள்ளுக்கடைகளை மறித்து, அணிவகுத்து நடந்தார்கள். 1947-இல் பீடோங் பக்கம் போலீஸோடு மோதல்வரை போனது. அவர்களில் சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவர்கள். எல்லோருமே, துரை எந்த இரவில் எந்த வழியாக ஓடினார் என்பதைப் பார்த்தவர்கள்.

எங்கள் அப்பாயி ஜப்பான் காலத்துக்குப் பிறகும் துரையைத் துரை என்றுதான் சொன்னார். தாத்தாவும் அப்படியே. சைக்கிளை விட்டு மட்டும் அவர் இறங்கவில்லையாம்.